கம்பெனி ரிவ்யூ தளங்கள்: எது நிற்கிறது, எது காணாமல் போகிறது

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் இப்போதெல்லாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அந்தக் கம்பெனியின் பெயரை கிளாஸ்டோரிலோ ஆம்பிஷன்பாக்ஸிலோ போட்டுப் பார்ப்பது. 4.1 என்று இருந்தால் மனசு லேசாகிவிடுகிறது. 2.8 என்றால் வீட்டில் ஒரு சின்ன மாநாடே நடக்கிறது. ஹோம் லோன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், 90 நாள் நோட்டீஸ் பீரியட் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, அந்த ஒரு தசம எண்ணை இன்னொரு பக்கம் வைத்து எடை போடுகிறோம்.

அந்த எண்ணைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளப்படுவது, எழுதப்பட்டவற்றில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ரிவ்யூக்கள் மட்டும்தான். எழுதியதற்கும் மிஞ்சியதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நாளாகவே நோட்ஸ் எடுத்து வருகிறேன். இந்தத் தளங்களின் விதிமுறைகள், சில நீதிமன்றத் தீர்ப்புகள், ஒன்றிரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இவைதான் மூலம். நான் வக்கீல் இல்லை, கோடு அடிக்கிற ஆள். அதனால் இதை ஒரு சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்கிற கோணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு பரவலான நம்பிக்கை: "காசு கொடுத்தா நெகட்டிவ் ரிவ்யூவைத் தூக்கிடுவாங்க." ஆபீஸ் கேன்டீனில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. காசு கட்டும் கம்பெனிக்கும் கட்டாத கம்பெனிக்கும் ஒரே விதிதான் என்பது கிளாஸ்டோர் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காமலேயே இந்த ஏற்பாடு ஒரு பக்கமாகச் சாயும் என்பதுதான் எனக்குப் படுவது. எப்படி என்று பார்ப்போம்.

கிளாஸ்டோர் 2007-இல் ஆரம்பிக்கப்பட்டு 2008-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2018-இல் ஜப்பானின் ரெக்ரூட் ஹோல்டிங்ஸ் அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. வேலைவாய்ப்புத் தளமான இண்டீடும் அதே குழுமத்துக்குச் சொந்தம். நம்ம ஊர் ஆம்பிஷன்பாக்ஸ், நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் கம்பெனியுடையது. ரிவ்யூ எழுதுகிற நாம் இதற்கு ஒரு ரூபாய் கட்டுவதில்லை. ஆள் எடுக்க விளம்பரம் போடும் கம்பெனிகள்தான் வாடிக்கையாளர்கள். இதை வைத்து உடனே சதி என்று முடிவு கட்ட வேண்டாம், பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்தால் போதும்.

சரி, ரிவ்யூ எழுதி பட்டனை அழுத்தியதும் என்ன ஆகிறது? கிளாஸ்டோரில் முதலில் உங்கள் இமெயில் சரிபார்க்கப்படும். பிறகு மென்பொருள் ஒரு சல்லடை போடும். அதில் சந்தேகமாகப்பட்டவை மனிதர்களின் பார்வைக்குப் போகும். வெளியான பிறகும் யார் வேண்டுமானாலும் அதைக் கொடி காட்டி புகார் செய்யலாம். அப்போது ஒரு மாடரேட்டர் அதை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். விதிகளும் லேசில் புரியக்கூடியவைதான். ஒரு கம்பெனிக்கு ஒருவர் வருஷத்துக்கு ஒரு ரிவ்யூ, வேலை பார்த்தது கடந்த 5 வருஷத்துக்குள் இருக்க வேண்டும், நிறை குறை இரண்டையும் எழுத வேண்டும், கெட்ட வார்த்தை கூடாது, கம்பெனி ரகசியம் கூடாது, சி.இ.ஓ. மாதிரி உச்சியில் இருப்பவர்களைத் தவிர வேறு தனிநபர்களை அடையாளம் காட்டக்கூடாது.

இதில் எங்கேயாவது "எழுதியது உண்மையா?" என்ற சோதனை இருக்கிறதா? இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு கம்பெனியில் போன மார்ச் மாதம் சம்பளம் தாமதமானதா இல்லையா என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கும் மாடரேட்டருக்கு எப்படித் தெரியும்? உண்மை எது என்ற தகராறில் தாங்கள் பக்கம் எடுப்பதில்லை என்று தளமே சொல்கிறது. ஆக, சோதிக்கப்படுவது எழுத்தின் வடிவம்தான்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நானே இட்டுக்கட்டிய இரண்டு உதாரணங்கள் தருகிறேன்.

ஒன்று: "மேனேஜ்மென்ட் சரியில்லை. ஒர்க்-லைஃப் பேலன்ஸ் சுத்தமா கிடையாது. பாலிடிக்ஸ் ஜாஸ்தி."

இரண்டு: "பேமெண்ட்ஸ் டீமின் டெலிவரி மேனேஜர் லீவு கேட்டவர்களை அப்ரைசலில் அடித்தார். ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தம் போனதும், மூன்று மாதம் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை."

வேலை தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் தங்கம். முதலாவதை உலகத்தில் உள்ள எந்தக் கம்பெனிக்கும் ஒட்டலாம். ஆனால் புகார் வந்தால் எது தாக்குப்பிடிக்கும்? முதலாவது வெறும் கருத்து, அதில் பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. இரண்டாவதில் பிடிமானம் நிறைய. 'டெலிவரி மேனேஜர்' என்பது பெயர் சொல்லாமலே ஆளை அடையாளம் காட்டுகிறது. 'வாடிக்கையாளர் ஒப்பந்தம்' ரகசியம் என்று சொல்லலாம். பி.எஃப். விஷயமோ நிரூபிக்கச் சொல்லிக் கேட்கக்கூடிய குற்றச்சாட்டு. எவ்வளவுக்கு எவ்வளவு ஒரு ரிவ்யூ திட்டவட்டமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதை நீக்கச் சொல்ல காரணங்கள் கிடைக்கின்றன. சல்லடையில் அரிசி கீழே போய் உமி மேலே நிற்கிற மாதிரி.

எழுதுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஜேசன் சாக்கின், ஆரோன் சோஜர்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கிளாஸ்டோர் ரிவ்யூக்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எதிர்மறையாக எழுதுகிறவர்கள் தங்கள் வேலைப் பதவி மாதிரியான விவரங்களை மறைத்துக்கொள்வது அதிகம் என்பது அவர்கள் கண்டது. நியாயம்தானே? பத்துப் பேர் உள்ள டீமில் "சீனியர் டெஸ்டர், கோயம்புத்தூர்" என்று போட்டால் கதை முடிந்தது. ஆனால் அந்த விவரம் போனதும் ரிவ்யூவின் பயனும் பாதி போய்விடுகிறது.

அடுத்தது சட்டம். தளத்தின் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். ரிவ்யூவை வைத்துக்கொண்டால் வக்கீல் செலவு, நேரம், கோர்ட். நீக்கினால்? செலவு பூஜ்யம். எழுதியவர் கோபப்படுவார், அவ்வளவுதான், அவர் வாடிக்கையாளர்கூட இல்லை. இந்தச் சமன்பாட்டில் தளம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்கிறது. அதனால் அங்கே தளம் தைரியமாக "முடியாது" என்று சொல்லலாம். கம்பெனி வழக்குப் போட வேண்டுமென்றால் எழுதியவர் மேல்தான் போட வேண்டும். அதற்கு அவர் யார் என்று தெரிய வேண்டும். எனவே சண்டை, நீக்குவதிலிருந்து முகமூடியைக் கழற்றுவதற்கு நகர்ந்துவிட்டது.

2017-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், மெஷின் ஸோன் என்ற கேம் கம்பெனி தொடுத்த வழக்கில் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்றது. ரிவ்யூவில் கம்பெனி ரகசியம் கசிந்தது என்பது அவர்கள் வாதம், அதற்குப் போதிய முகாந்திரம் காட்டவில்லை என்பது தீர்ப்பு. அதே வருஷம் நவம்பரில் வேறொரு நீதிமன்றம் வேறு மாதிரி தீர்ப்பளித்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மோசடி செய்தாரா என்ற குற்ற விசாரணையில், எட்டு ரிவ்யூக்களை எழுதியவர்களின் விவரங்களைக் கிளாஸ்டோர் தர வேண்டும் என்றது. இதில் ஒரு முரண் இருக்கிறது பாருங்கள். அந்த ரிவ்யூக்காரர்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அரசாங்கத்துக்கு அவர்கள் சாட்சிகளாகத் தேவைப்பட்டார்கள். திட்டவட்டமாக எழுதியதற்குக் கிடைத்த பரிசு!

2022 ஜூலையில் இன்னொன்று. ஸுரு என்ற நியூசிலாந்து பொம்மைக் கம்பெனி, தன்னைப் பற்றிக் கடுமையாக எழுதியவர்கள் மேல் நியூசிலாந்தில் அவதூறு வழக்குப் போட விரும்பியது. தளமோ கலிஃபோர்னியாவில் இருக்கிறது. வெளிநாட்டு வழக்குக்காக அமெரிக்காவில் ஆதாரம் கேட்க வழி செய்யும் ஒரு சட்டப்பிரிவு உண்டு. அதைப் பிடித்து வந்தார்கள், சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி விவரங்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அமெரிக்கப் பேச்சுரிமைப் பாதுகாப்பு அங்கே கைகொடுக்கவில்லை, எந்த நாட்டுச் சட்டப்படி அவதூறு என்பதுதான் முக்கியமாகிவிட்டது. இந்தியாவில் உட்கார்ந்து அமெரிக்கத் தளத்தில் எழுதுகிற நாம் இந்தக் கேஸை ஒரு தடவை நிதானமாகப் படிப்பது நல்லது.

ஜெர்மனியில் கதை நேர்மாறு. அங்கே குனுனு என்ற தளம் பிரபலம். ஒரு கம்பெனி, "இப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று மறுத்தால் தளம் விசாரிக்கக் கடமைப்பட்டது. குனுனு, எழுதியவரிடம் வேலைச் சான்றுகளை வாங்கி, பெயரை மறைத்து அனுப்பியது. 2024 பிப்ரவரியில் ஹாம்பர்க் உயர்நிலை நீதிமன்றம், இடைக்கால நடவடிக்கை ஒன்றில், அது போதாது என்றது. கம்பெனியே சரிபார்க்கும் அளவுக்கு ஆள் யார் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரிவ்யூவை எடுக்க வேண்டும். பழிவாங்கப்படுவோம் என்ற பயம் இதை மாற்றாது என்றும் சொல்லிவிட்டது. பெயரைக் கொடு, இல்லாவிட்டால் நீக்கு என்றால் ஒரு நல்ல தளம் எதைச் செய்யும்? எழுதியவரைக் காப்பாற்ற நீக்கத்தான் செய்யும். ரிவ்யூ பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆனாலும் அது போய்விடும்.

இந்தியா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு தளத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கு என்றாலே 66ஏ ரத்தானதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. யாரோ புகார் செய்தார் என்பதற்காகத் தளம் நீக்க வேண்டியதில்லை, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் கடமை. காகிதத்தில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் 'நீக்க வேண்டியதில்லை' என்பது 'நீக்கக்கூடாது' ஆகாது. மேலே சொன்ன செலவுக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. 2021 விதிகளின்படி புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, குறிப்பிட்ட கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் எந்த முடிவு சுலபமானது என்பதை ஐ.டி.யில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, டிக்கெட்டை எப்படி மூடுவோம் என்று நமக்கே தெரியும்.

எழுதியவர் பக்கம் நிலைமை இன்னும் கடினம். இங்கே அவதூறு சிவில் வழக்கு மட்டுமல்ல, குற்றமும்கூட. முன்பு இ.பி.கோ. 499, 500. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை. தனி ஆள் மட்டுமில்லை, ஒரு கம்பெனியைப் பற்றிச் சொல்வதும் இதில் அடங்கும் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் தப்ப முடியாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயம் தெரியாதவர்கள் நிறையப் பேர்.

இதுவரை சொன்னது தளம் நீக்குவதைப் பற்றி. என் அனுபவத்தில் பார்த்தவரை, பேசப்படாத இன்னொரு வகை இருக்கிறது. எழுதியவரே நீக்குவது. தன் ரிவ்யூவை யாரும் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், எந்த மாடரேட்டரும் கேட்க மாட்டார். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு நண்பர், வேலையை விட்டதும் ஒரு நீளமான ரிவ்யூ போட்டார். கம்பெனி பெயர் வேண்டாம். பத்து நாளில் ஹெச்.ஆரிடமிருந்து போன். மிரட்டல் எல்லாம் கிடையாது, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். "சார், உங்க ரிலீவிங் லெட்டர் பிராசஸ்ல இருக்கு. அந்த ரிவ்யூ விஷயமும் கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்." புது கம்பெனியில் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே அழித்துவிட்டார். இந்த நீக்கம் எந்தத் தளத்தின் கணக்கிலும் 'நீக்கம்' என்று வராது.

அமெரிக்காவில் இதே வேலையை ஒப்பந்தம் செய்கிறது. வேலையிலிருந்து அனுப்பும்போது கொடுக்கும் இழப்பீட்டுத் தொகையோடு, "கம்பெனியைப் பற்றித் தவறாகப் பேச மாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவார்கள். கிராக்கன் என்ற கிரிப்டோ நிறுவனம், கிளாஸ்டோரில் எழுதிய முன்னாள் ஊழியர்கள் இந்த உறுதியை மீறிவிட்டார்கள் என்று 2019-இல் வழக்கே போட்டது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம், இப்படிப் பரந்த வாய்ப்பூட்டு ஷரத்துகளைச் சாதாரண ஊழியர்களிடம் நீட்டுவதே சட்டவிரோதம் என்று முடிவு செய்தது. இதோடு ஒப்பிட இன்னொன்று: பொருள் வாங்கியவர் ரிவ்யூ எழுதுவதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை அமெரிக்கா 2016-லேயே சட்டம் போட்டுச் செல்லாது என்றாக்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் வேலை ஒப்பந்தங்களுக்கு மட்டும் விதிவிலக்கு! மிக்ஸியைப் பற்றி எழுதக் கிடைக்கும் பாதுகாப்பு, வேலையைப் பற்றி எழுதக் கிடைக்கவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு கம்பெனிக்கு 40 ரிவ்யூ என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் 4 ஸ்டார், 10 பேர் 1 ஸ்டார். சராசரி 3.25. அந்த 1 ஸ்டார்களில் ஐந்து போய்விட்டால் 3.57. அதற்கு மேல் ஹெச்.ஆர். ஒரு மெயில் போட்டு 20 பேரை 5 ஸ்டார் போட வைத்தால் 4.09. அதே ஆபீஸ், அதே மேனேஜர், அதே கழிப்பறை. 'பரவாயில்லை' ரகத்திலிருந்து 'சூப்பர்' ரகத்துக்கு வந்தாச்சு. எதையும் நீக்காமல் அந்த 20-ஐ மட்டும் சேர்த்திருந்தால்கூட 3.83 வந்திருக்கும். அதாவது நீக்குவதைவிட நீர்த்துப்போகச் செய்வதுதான் வலுவான ஆயுதம். கிளாஸ்டோரின் கணக்கில் சமீபத்திய ரிவ்யூக்களுக்கு எடை அதிகம் என்பதால் இந்த விளைவு இன்னும் கூடும்.

இது கற்பனை இல்லை. 2019 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பல லட்சம் ரிவ்யூக்களை அலசியது. 400-க்கும் அதிகமான கம்பெனிகளுக்கு ஏதோ ஒரு மாதத்தில் மட்டும் ரிவ்யூக்கள் இயல்புக்கு மீறி எகிறியிருந்தன, அவற்றில் 5 ஸ்டார் தூக்கலாக இருந்தது. புதுசாகச் சேர்ந்தவர்களை ஓரியண்டேஷன் முடிந்த கையோடு எழுதச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வாரம் எல்லோருக்கும் கம்பெனி பிடிக்கும். டி-ஷர்ட் கொடுத்திருப்பார்கள், லேப்டாப் புதுசு.

அப்படியானால் இந்தத் தளங்களே வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் பார்க்கிறேன். எண்ணைப் பார்ப்பதில்லை, தேதிவாரியாக அடுக்கிப் படிக்கிறேன். ஒரே மாதத்தில் கொத்தாக வந்த 5 ஸ்டார்களை மனசுக்குள் கழித்துவிடுகிறேன். 3 ஸ்டார் கொடுத்தவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். திட்டவும் வரவில்லை, விளம்பரமும் செய்யவில்லை, நடந்ததைச் சொல்ல உட்கார்ந்தவர்கள். 5 ஸ்டார் ரிவ்யூவில் 'குறை' என்ற பெட்டியைத் தவறாமல் படிக்கிறேன். அங்கே "ஒன்றும் இல்லை" என்று இருந்தால் தாண்டிப் போய்விடுவேன். "சம்பளம் சில நேரம் லேட்" என்று போகிற போக்கில் ஒருவர் எழுதியிருந்தால் நின்று யோசிப்பேன், ஏனென்றால் நல்ல ரிவ்யூவைக் கொடி காட்ட யாருக்கும் தோன்றாது. இன்டர்நெட் ஆர்கைவில் சில கம்பெனிகளின் பழைய பக்கங்கள் கிடைக்கும். மொத்த எண்ணிக்கை பழைய தேதியில் அதிகமாகவும் இப்போது குறைவாகவும் இருந்தால் நடுவில் ஏதோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் அக்கா மகன் ஒரு ஆஃபரோடு வந்து "மாமா, 4.2 இருக்கு, போலாமா?" என்று கேட்டான். அந்தக் கம்பெனியை விட்டுப் போன நாலு பேரை லிங்க்ட்இன்னில் தேடிப்பிடித்து மெசேஜ் அனுப்பச் சொன்னேன். இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் போனிலேயே அரை மணி நேரம் பேசினார். எந்த டீமுக்குப் போகக்கூடாது என்று பெயர் சொல்லிச் சொன்னார். அப்படி ஒரு வரி எந்த ரிவ்யூ தளத்திலும் நிற்காது. பையன் சேர்ந்துவிட்டான், வேறு டீமில்.

எழுத நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஆபீஸ் லேப்டாப்பையும் ஆபீஸ் நெட்டையும் தொடாதீர்கள், ரிலீவிங் லெட்டர் கையில் வரும்வரை பொறுத்திருங்கள். அடுத்து, தளத்துக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம். 2021-இல் கிளாஸ்டோர் ஃபிஷ்பவுல் என்ற செயலியை வாங்கிய பிறகு கணக்குகளில் உண்மைப் பெயர் சேர ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் ஒரு பயனர், தான் சப்போர்ட்டுக்கு அனுப்பிய மெயிலிலிருந்து தன் பெயரை எடுத்துத் தன் சம்மதமில்லாமல் புரொஃபைலில் சேர்த்துவிட்டார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ரிவ்யூவில் அந்தப் பெயர் தெரியாது என்பது தளத்தின் விளக்கம். ஆனால் ஸுரு கேஸ் மாதிரி ஓர் உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுக்கப்படுவது, அவர்களிடம் சேமித்து வைக்கப்பட்டிருப்பதுதான்.